பிடரியிலிருந்து

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி.
குப்புறக் கிடக்கிறேன்.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
உப்புநீரில் இடுகிறாள் இரேஷா,
சிங்களத்தில் எண்ணியபடி.
கீழே மாத்தறை ரயில்.
கட்டில் லேசாய் அதிர
எண்ணிக்கை பிசகி
மறுபடி தொள்ளாயிரத்திலிருந்து.

"மூணு கிழமையில எல்லாம் கொட்டும்.
பயப்படாதீங்க, வேர் இரிக்கும்"
என்கிறார் டொக்டர் ஜெசீம்.

பின்னால் நின்றதைப் பிடுங்கி
முன்னால் நட்டுவிட்டு
கொட்டும், பொறு என்றால்
அதற்குப் பெயர் மீள்குடியேற்றம்.
எனக்குள் சிரித்தேன்.
ஊசி போட்ட நெற்றி
சிரிக்கவில்லை.

நாலரை லட்சம்.
வீட்டில் சொன்னது
பல்லுக்கு என்று.

பின்னேரம் காலி வீதியில்
ஓட்டோ மறிக்க நின்றேன்.
சந்துக்குள்ளால் கடற்காற்று வந்தது.
இன்னும் முளைக்காத மயிரை ஒதுக்க
கை தானாய் எழுந்தது,
பதினாறு வருஷத்துக்குப் பிறகு.

தொடக்கூடாது என்பது
பாதியில்தான் ஞாபகம்.
மறித்ததாக நினைத்து
ஓட்டோ ஒன்று நின்றது.