ஈரம் அளத்தல்

அம்போனிலிருந்து இரவெல்லாம் கப்பல்.
இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது
பீரங்கியில் கட்டியிருந்த ஒரு வெள்ளாடு.
அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

எழுதியது:
கடல்முகச் சுவர், நாற்பத்தொரு மீட்டர்.
பவளக்கல்லும் எரிமலைக்கல்லும் கலந்த டச்சுக் கட்டு.
வடகிழக்கு மூலையில் ஆலின் சாதியில் ஒரு மரம்,
வெட்டினால் சுவர் விழும்,
விட்டால் மெதுவாக விழும்.

எண்பதுகளில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்,
நல்ல மனசோடுதான்.
சிமெண்ட் அப்படியே இருக்கிறது,
தட்டினால் பானைபோல் ஒலிக்கிறது.
பின்னால் உப்பு பூத்துப் பூத்துக்
கல் மாவாகிவிட்டது.
லா ருஹி உளியை வைத்து ஒரு தட்டுத் தட்ட
ஆள் உயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.
"வீட்டுக்குள்ளே ஆளே இல்லை" என்றான்.

சுண்ணாம்பின் குணம் வேறு.
கல்லுக்கு முன்னால் தான் கரையும்.
பத்து வருடம், போனால் பதினைந்து,
பிறகு இன்னொரு பூச்சு கேட்கும்.
எங்கள் தொழிலில் அதற்குப் பலிப்பூச்சு என்று பெயர்.
இந்தத் தீவில் அந்தச் சொல்லைச்
சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் கோணங்கள் எடுத்தோம்.
பீரங்கித் துளைகள் ஏழு.
கடலைப் பார்ப்பவை மூன்று.
மற்ற நான்கும்
ஜாதிக்காய் உலர்த்திய முற்றத்தை,
கிணற்றை,
கிணற்றுக்குப் போகும் பாதையை,
மறுபடி கிணற்றை.
கருவி பிழையோ என்று கேட்டேன்.
சஹுலேகா இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச்
சிகரெட் பற்றவைக்க வெளியே போனார்.

அடித்தளக் குழியில், மூன்றாம் வரிசையில்,
நடுவில் தேய்ந்த ஒரு கல்.
வாசற்படி.
எத்தனையோ கால்கள் ஏறி இறங்கி
வாய்க்கால்போல் குழிந்த தேய்மானம்
தலைகீழாகச் சுண்ணாம்புக்குள் புதைந்திருந்தது.

ஆட்டுக்காரி வா சனிமு குழியின் விளிம்பில் குந்தினாள்.
"எங்கள் ஆட்களுடையது இல்லை" என்றாள்.
"நாங்கள் புட்டோனிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.
இதை மிதித்தவர்களுக்கு ஆள் மிச்சமில்லை.
எடுக்க முடியுமா?"

எடுத்தால் சுவர் விழும் என்றேன்.
எடுக்காவிட்டால்?
நான் ஒழுங்காகச் செய்தால் இன்னும் நூறு வருடம் நிற்கும்.

ஜாதிபத்திரியைக் கிள்ளி வாயில் போட்டு
வெகுநேரம் மென்றாள்.
கடல் இறங்கிக்கொண்டிருந்தது.
"அப்படியானால் ஒழுங்காகச் செய்" என்றாள்.
"விழுந்தால் மேலே இருப்பவன் எழுந்துவிடுவான்.
கீழே இருப்பவள்தான் நசுங்குவாள்."

கிரேசிக்கிலிருந்து மூட்டையில் வந்த சுண்ணாம்பு.
இங்கே பவளம் சுடத் தடை,
நல்ல தடை.
ஏழு நாள் நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும்,
காய விடக் கூடாது.
கல்லை அப்படியே விட்டுச் சுற்றிலும் பூசினோம்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு,
பூச்சு விடுபட்ட இடம், காரணம்.
இடத்தை எழுதினேன்.

ஐந்தாம் நாள் விடியலில்
வாளியோடு போனால்
சாக்குகள் ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தன.
யார் என்று நான் கேட்கவில்லை,
லா ருஹியும் சொல்லவில்லை.
ஒரு சாக்கின் மூலையை மட்டும் காணோம்.
அந்த இடத்தில் பூச்சு அவசரமாகக் காய்ந்து
மயிரிழை வெடிப்பு.
அளந்தேன்: சைபர் புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
குறிப்பேட்டில் எழுதினேன்.
காரணம்: ஆடு.