ஐந்தும் ஒன்றும்

ஜனவரி மூன்று, வெள்ளி, மாலை நாலரை.
டுலூத்தில் அதற்குள் இருட்டிவிடும்.
ஏரிக்காற்று வந்து
தானாகத் திறக்கும் கதவைத்
திறந்து திறந்து மூடுகிறது,
ஆளில்லாமலே.

விலை எனக்குத்தான் முதலில் தெரியும்.
பதினோரு வருஷமாக இந்த மருந்துக்கடைக் கல்லாவில்
திரையில் எண் வரும்;
எதிரே நிற்பவர் முகத்தில் இன்னும் வந்திருக்காது.
நடுவே ஒரு மூச்சு நேரம்
நான் மட்டும் அறிந்தவளாக நிற்பேன்.

லெய்ஃப் ஹோக்லண்ட் கையுறையைக் கழற்றவில்லை.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
டிசம்பர் வரை மகளின் மருந்துக்குப்
பதினைந்து டாலர் எண்ணி வைத்துவிட்டு
பையில் கிடக்கும் சில்லறையை
நாய்க் காப்பக உண்டியலில் போடுவார்.
இன்று திரையில்
அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட்.

"தப்பாக அடித்திருப்பீர்கள்."
மறுபடி அடித்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு, நாற்பது.

கம்பெனி கைமாறியது; அட்டை மாறியது.
புது அட்டையின் பட்டியலில்
இந்த மருந்தின் பேர் இல்லை.
அதன் தம்பி இருக்கிறான், மலிவாக.
தம்பியைப் போன மார்ச்சில் கொடுத்துப் பார்த்தார்களாம்.
ஒன்பதாம் நாள்,
பள்ளி நீச்சல் குளம்,
தண்ணீருக்குள்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

சிக்னேவுக்குப் பன்னிரண்டு வயது.
கீழே விழுந்து துடிக்கிற வலிப்பு இல்லை அவளுடையது.
பேசிக்கொண்டே இருப்பாள், நின்றுவிடும்.
கரண்டி வாய்க்குப் போகிற வழியில் நிற்கும்.
பிறகு விட்ட சொல்லிலேயே தொடங்குவாள்,
இடையில் உலகம் போய்வந்தது தெரியாமல்.
ஒரு மாத்திரைப் பொழுதுதான், ஓர் இமைப்பு.
அந்த ஓர் இமைப்புக்குத்தான்
வேளைக்கு ஒரு மாத்திரை.

தொலைபேசியில் காத்திருந்தேன்.
என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று
நாற்பது நிமிஷம் சொன்னார்கள்.
பிறகு ஒரு பெண், ஜலதோஷக் குரல்:
முறையீடு செய்யலாம், மூன்று வேலை நாள்,
சனி ஞாயிறு கணக்கில் வராது.
காப்பீடு.
காப்பு பழைய அட்டையோடு போய்விட்டது,
இந்த வருஷம் ஈடு மட்டும் கேட்கிறது.

"அக்டோபரிலேயே படகை விற்றிருக்கலாம்," என்றார்,
என்னிடம் இல்லை, கல்லாவிடம்.
"ஏரி உறைந்த பிறகு எவன் வாங்குவான்."
அப்புறம், "ஆறு கொடுங்கள்."
ஆறா?
"இன்று ராத்திரி. சனி இரண்டு. ஞாயிறு இரண்டு.
திங்கள் காலை ஒன்று."
கையுறைக்குள்ளேயே விரல் மடக்கினார்.
டாக்டரின் அலுவலகம் திங்கள் எட்டு மணிக்குத் திறக்கும்.

மருந்தாளுநர் மாய் வாங் என்னைப் பார்த்தாள்,
தலையசைத்தாள்.

நாங்கள் ஐந்தைந்தாகத் தள்ளுகிறவர்கள்.
ஐந்து, பத்து, பதினைந்து,
கை தூக்கத்திலும் அப்படித்தான் போகும்.
ஆறு கைக்கு வராத எண்.
ஐந்தைத் தள்ளினேன்.
ஒன்றைத் தள்ளினேன்.
அந்த ஒன்று தட்டில் உருண்ட சத்தம்
வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.
எல்லாரும் இருமல் மிட்டாய் உறையை
எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தோரு டாலர், இருபத்து நாலு சென்ட்.
மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.
உண்டியலைப் பார்த்தார்.
பையில் போட்டுக்கொண்டார்.
அறுபது பிடிக்கிற புட்டியில் ஆறு.
மூடி இறுகியிருக்கிறதா என்று
இரண்டு தடவை திருகிப் பார்த்தார்.
கிலுகிலுப்பை மாதிரி அது
கதவு வரை அவரோடு போயிற்று.

என் வீட்டில் ரொட்டி சுடும் பெட்டிக்கு அடியில்
கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்த வெள்ளை உறை ஒன்று,
என் பேருக்கு, அதே கம்பெனியிடமிருந்து.
இன்னும் பிரிக்கவில்லை.

திங்கள்.
ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது, காற்று.
பத்தேகாலுக்குத் திறந்தது,
பல் வலியோடு ஒரு கிழவர்.
மாய் வாங் தொலைபேசியில் காத்திருக்கிறாள்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே அந்த இசை.
ராத்திரி வேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.
கதவு திறக்கிறது.