விதி பதினான்கு

எங்கள் கம்பெனி விளையாட்டின் உலகில் மூன்று நிலவு,
ஒரு கடல், எழுபது அரசுகள்.
விதி பதினான்கை எழுதும் வேலை எனக்கு:
மந்திரச் சின்னத்தை யார் தாங்கலாம்?

வீரன் தாங்கலாம். வாள் தாங்கலாம்.
கெட்டவன் என்றால் நெற்றியில், கொஞ்சம் சிவப்பாக.
ஒரு தெரு தாங்கலாமா என்று கேட்டேன்.
பிரத்யும்னா நாற்காலியோடு சுழன்று வந்தான்.
தெருவுக்கு மணிக்கட்டு எங்கே இருக்கு,
எங்கே குத்துவ பச்சை?
சரி, ஊரே தாங்குதுன்னு வை,
ஒருத்தன் செத்தா அவன் பங்கு குறையுமா?
ஒருத்தி கல்யாணமாகி ஓசூர் போனா
சூட்கேஸில் மடிச்சு எடுத்துட்டுப் போவாளா?

என்னிடம் பதில் இல்லை.
கோரமங்களாவிலிருந்து மர்பி டவுன் வரை
சிக்னல் சிக்னலாக யோசித்து வந்தேன்.

எங்கள் சந்துக்கு வியாழன் விடியலில் தண்ணி லாரி.
புதன் இரவே வரிசை நின்றுவிடும்,
ஆள் இல்லாமல்.
ரெஜினாளுக்கு நீலம் பூசிய அரைச் செங்கல்.
பெலவேந்திரத்துக்கு ஒற்றைச் செருப்பு, இடது கால்.
ஷம்ஷாத் வீட்டுக்குக் கைப்பிடி போன குக்கர் மூடி.
செருப்புக்கும் மூடிக்கும் நடுவே எங்கள் கருங்கல்,
ஓரத்தில் பல் விழுந்ததுபோல் ஒரு பள்ளம்.
அவை நிற்கும், நாங்கள் தூங்குவோம்.

ஒரு புதன், நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது
வைத்த கல்லையே எடுத்துப் பையில் போட்டேன்,
வந்து சாட்சி சொல்லட்டும் என்று.
ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில்
"கல் - 1" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.
மேஜையில், கீபோர்டுக்கும் ஆறின டீக்கும் இடையில்,
அது கல்லாகவே இருந்தது.
பிரத்யும்னா தூக்கிப் பார்த்தான். வெயிட் இருக்கு, என்றான்.

விடியலில் திரும்பினால் லாரி வந்துவிட்டிருந்தது.
டிரைவர் மஞ்சப்பா "பேக, பேக" என்று தகரத்தைத் தட்டுகிறார்.
வரிசை பாதி நகர்ந்திருந்தது.
செருப்புக்கும் மூடிக்கும் நடுவே
ஒரு முழம் வெறும் சிமெண்டுத் தரை.
அதுவும் நகர்ந்திருந்தது.
நேற்று அது மின்கம்பத்துக்குப் பின்னால்;
இன்று முன்னால்.
இல்லாத கல்லை யார் தள்ளி வைத்தது?
கேட்டால் பெலவேந்திரம் கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் மாடிக்குப் புதிதாய்க் குடிவந்த பையன்
தன் பக்கெட்டை அந்த முழத்தில் இறக்கினான்.
காலியாத்தானே இருக்கு, என்றான்.
ரெஜினாள் போட்ட சத்தத்தில்
அல்சூர் ஏரி வாத்துகள் எழுந்திருக்கும்:
"ஆள் நிக்குதில்ல? கண்ணு தெரியல?"
அவன் தரையைப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
பக்கெட்டைக் கடைசிக்குத் தூக்கிப் போனான்.
அடுத்த புதன், வரிசைக் கடைசியில்
உடைந்த ஹெல்மெட் கண்ணாடி ஒன்று.

விதியைத் திருத்தினேன்:
இடம் தாங்கலாம். கூட்டம் தாங்கலாம்.
பொருள் தொலைந்தால் பாதகமில்லை.
தெரியாதவன் கால் வைக்கும்போது
யாராவது ஒருத்தி கத்த வேண்டும்.

எத்தனை பாயிண்ட், என்று பிரத்யும்னா கேட்டான்.
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.
வரம்புகள் என்று இன்னொரு கட்டம் இருந்தது.
அந்த வியாழன்
எங்கள் குடத்தைக் குழாயடியில் வைத்தபோது
லாரி தீர்ந்து வெறும் காற்று இருமியது.
ஷம்ஷாத் வீட்டிலிருந்து அரை பக்கெட் கடன்.
எழுதினேன்: தண்ணீர் வரவழைக்காது.