செக்குபந்தி

நரிக்கல்பதியில் வட்டமாக ஒரு நிலம்.
பாதி நம்முடையது, பாதி கேரளத்துக்கு.
மனைகளாகப் பிரித்துத் தரச் சொன்னால்
எந்த சர்வேயரும் முதலில் டீ குடிக்கத்தான் போவாள்.
போனேன்.

டீக்கடை அந்தப் பக்கம்.
சர்க்கரை போட்ட கையாலேயே லாட்டரி கிழிக்கிற உம்பிச்சி,
"அது நாய் ஓடின வட்டமாக்கும்" என்றார்.
அவர் சொன்னதில் பாதி பொய்யாக இருக்கலாம்.
பாதிதானே என் எல்லைக்குள் வருகிறது.

அறுபத்தெட்டில் பஞ்சாலை தேவணன் கட்டியது.
ஆயிரம் பேர் உட்காரப் படிக்கட்டு, தகரக் கூரை,
ஆறு கதவு வைத்த பெட்டி,
உள்விளிம்பில் தண்டவாளம்,
அதன் மேல் ஒரு முயல்:
வெளியே ஆட்டுத்தோல், உள்ளே பஞ்சு.
சொந்த மில் பஞ்சுக்கும் கணக்கு எழுதி வைத்தாராம்.

சிப்பிப்பாறை மூன்று, கன்னி இரண்டு,
கோலாரை விட்டுப் போன துரை விற்ற கிரேஹவுண்டின்
பேரனோ கொள்ளுப்பேரனோ ஒன்று,
பெயர் ரேடியோ.
கதவு திறப்பது தமிழ்நாட்டில்.
மேற்கே, கணவாய்க் காற்றின் முகத்தில் ஓடி
எல்லைக்கல் தாண்டி
கேரளத்தில் வளைந்து
காற்று முதுகில் தள்ள வீடு திரும்ப வேண்டும்.
முப்பத்திரண்டு விநாடி.
கல்லை எந்த நாயும் பார்த்ததில்லை.

பார்த்தது மேசை மட்டும்.
பொள்ளாச்சி ஜீப் வந்தால் பந்தய மேசை இருபதடி மேற்கே போகும்.
கொழிஞ்சாம்பாறை ஜீப் வந்தால் கிழக்கே.
"நாலாவது காலு ஞான் பிடிச்சது. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு."

பிறகு அந்தப் பங்குனி ஞாயிறு.
ஏழாவது ஓட்டம்.
முயல் ஓடியது நம் கரண்டில்.
நம் கரண்ட் போய்விட்டது.
வளைவில், கேரளத்தில், முயல் நின்றது.

ரேடியோ முதலில் வந்தது.
நான்கு காலையும் மண்ணில் ஊன்றி, சறுக்கி, நின்றது.
மற்றவையும் வந்தன.
எதுவும் கடிக்கவில்லை.
மோந்து பார்த்தன.
ஒரு சிப்பிப்பாறை காலைத் தூக்கிப் பெய்தது.

அவ்வளவு கூட்டமும் வாய் மூடியிருந்ததை
அன்றைக்குத்தான் கேட்டாராம் உம்பிச்சி.
அப்புறம் யாரோ சிரித்தான்.
அப்புறம், ஜெயித்தது யார்?
முதலில் தொட்டதா, கோட்டைத் தாண்டாததா?
பெரிய கலவரமெல்லாம் இல்லை,
பத்து நாற்காலி, ஒரு மூக்கு.

அடுத்த ஞாயிறும் கரண்ட் இருந்தது, முயல் இருந்தது.
கதவு தூக்கியதும் ஐந்து நாய்கள் வெளியே வந்து
அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றன.
ரேடியோ மட்டும் குறுக்கே நடந்து
முயல் திரும்பி வரும் பாதையில்
எல்லைக்கல் பக்கம் உட்கார்ந்தது.

வட்டம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

தேவணன் தண்டவாளத்தை எடைக்குப் போட்டார்.
பிறகு கொப்பரை காய்ந்தது.
பிடிபட்ட ஸ்பிரிட் லாரிகள் டயர் இறங்கிக் கிடந்தன.
கொரோனாவில், இங்கும் விடாமல் அங்கும் விடாமல்
நாற்பது பேர் படிக்கட்டில் பதினோரு இரவு படுத்தார்கள்.
ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது;
எந்த மாநிலம் என்று எழுதுவது என்பதற்கு
ஒரு கோப்பு இன்னும் ஓடுகிறது.

இப்போது அறுபதுக்கு நாற்பது மனைகள்.
வளைவில் சதுரம் உட்காராது.
பிறை பிறையாக மிஞ்சுகிறது நிலம்.
வரைபடத்தில் எழுதினேன்: பயன்படாத் துண்டு, நாலே கால் சென்ட்.
செக்குபந்தியில் வடக்கே வாய்க்கால், தெற்கே தார்ரோடு,
கிழக்கே தேவணன் வாரிசுகள் வழக்கு,
மேற்கே மேற்படி நிலமே.

கருவியை எல்லைக்கல் பக்கம் நிறுத்தினேன்.
வேறு எங்கிருந்தும் முழுவட்டமும் தெரியவில்லை.
காற்று முக்காலியைத் தள்ளியது; ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன்.
பிரிசக் கோலோடு திருமூர்த்தி மேற்கே நடந்தான்,
வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டதாக
அவன் போன் ஒருமுறை கத்தியது.
வளைவில், சீமைக்கருவேலுக்குப் பின்னால்
ஆளைக் காணோம்.

கூப்பிடவில்லை.
சுற்றித்தானே வரவேண்டும்.
உட்கார்ந்திருந்தேன்.