கூட இருக்கு

புதுவயல் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய
சாத்தையாவின் வலது கையில் ரத்தம் எடுக்கிறேன்.
இடது கையைத் தொடக் கூடாது.
டயாலிசிஸுக்காக இணைத்த நரம்பு
அங்கே பூனைக்குட்டிபோல் குறுகுறுக்கிறது.

ட்ரோபோனின் நாற்பத்தெட்டு.
வேறு ஆளென்றால் இந்நேரம்
மதுரைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கும்.
இவருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.
சிறுநீரகம் கழிக்காமல் விட்ட பாக்கியா,
இதயம் இன்று எழுதிய புதுப்பற்றா?
ஒரே பேரேட்டில் இரண்டு கையெழுத்து.

"கூட இருக்கா?"
"இருக்கு. கூடுதான்னு பாக்கணும்."

மூன்று மணி நேரம்.
கழனிவாசல் பக்கம் மழை இருட்டுகிறது.
பெரியநாயகி அன்றைய அரை லிட்டரிலிருந்து
ஒரு மூடித் தண்ணீர் அளந்து தருகிறாள்.
குடித்துவிட்டு
மூடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறார்,
இன்னும் ஒரு சொட்டு இருக்குமென்று.

ஆறரைக்கு இரண்டாவது குழாய்.
மெஷின் சுற்றி, முனகி, நிற்கிறது.
ஐம்பது.

டாக்டர் போனிலேயே வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்.
"அப்ப நெஞ்சுக்கு ஒண்ணுமில்லையே தம்பி?"
ஒன்றுமில்லை என்று சொல்ல
ஐம்பதில் இடமில்லை.

"இன்னைக்கு இல்லண்ணே."

அதுவே போதும்போல
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணுகிறார்,
வலது கைப் பஞ்சை
மோவாயால் அழுத்திக்கொண்டு.