மூன்றாவது வெட்டு

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்,
வழக்கு இன்னும் கிடக்கிறது.
நான் வாங்கியது வட அமெரிக்காவுக்கான
வீட்டு வீடியோ உரிமை மட்டும்.
விமானத்தில் போட இன்னொருவன்,
கப்பலில் போட வேறொருவன்,
கடலிலும் எல்லை கீறி விற்றிருந்தார்கள்.

தியேட்டரில் ஒன்பது நாள் ஓடியது.
அதில் தோழனாக வந்த பொடியன்
பிறகு பெரிய நட்சத்திரம் ஆனான்.
எட்டு வருடம் கழித்துத் தயாரிப்பாளர் கத்தரியை எடுத்தார்.
தோழன் நாயகன் ஆனான்,
நாயகன் ஒரு முழங்கை ஆனான்.
இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம்
ஒன்று ஐம்பத்தெட்டு ஆனது.
புது உறை, டிவிடி, புது ஒப்பந்தம்.
பதினான்காம் பிரிவு:
பழைய வெட்டின் பிரதிகள் யாவும் அழிக்கப்பட்டு
சத்தியக்கடதாசி அனுப்பப்படல் வேண்டும்.

அழித்தேன்.
ஜான் தலோன் தெரு, கடையின் பின்பக்கம்,
மைனஸ் இருபத்திரண்டு,
ஒரு சுத்தியல், இருநூற்றுப் பன்னிரண்டு கசெற்.
மொன்றியல் குளிரில் பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கியது.
நாடா மட்டும் நொறுங்கவில்லை,
பனிமேல் கறுப்பாய்ச் சுருண்டு
பக்கத்துக் கிரேக்கனின் வேலிவரை போனது.
நொத்தாரிசு முத்திரை குத்தினார். நாற்பது டொலர்.

மார்ச்சில் குகனேஸ்வரி வந்தா.
டிவிடியைக் கவுண்டரில் வைத்தா.
"இதில நான் இல்லை."
நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

தொண்ணூற்றைந்து, வளசரவாக்கம்.
ஏஜென்சிக்காரன் 'அடுத்த கிழமை' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம்.
வேறொருத்தியின் பெயர், வேறொருத்தியின் படம் ஒட்டிய பாஸ்போட்,
பாடமாக்க ஒரு பிறந்த தேதி.
ஐம்பது ரூபாயும் தயிர்ச்சாதப் பொட்டலமும் என்று
தெருமுனையில் ஆள் சேர்த்திருக்கிறார்கள்.
பஸ் நிலையக் காட்சி.
கூட்டத்தில் நில், கமராவைப் பார்க்காதே.
"பார்த்திட்டன்" என்றா. "ஒருக்கா."
அந்தப் பதினொரு மாதத்தில்
தன் முகம் தன் முகமாகப் பதிந்தது
அங்கே மட்டும்தானாம்.

நள்ளிரவில் சென்னைக்குப் போன் போட்டேன்.
வெட்டின நாற்பத்துமூன்று நிமிடம் எங்கே?
"நெகட்டிவா? எடைக்குப் போயிடுச்சு சார்.
வெள்ளி எடுக்கிறவன் வந்து அள்ளிட்டுப் போனான்."

ஒப்பந்தத்தைத் திரும்ப வாசித்தேன்.
இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கும் ஊடகங்களுக்குக்கூட
உரிமை எழுதியிருந்தது.
கூட்டத்தில் நின்றவர்களுக்கு ஒரு வரி இல்லை.

பிறகுதான் வாடகைக் கொப்பியைப் புரட்டினேன்.
வந்தது இருநூற்றுப் பதின்மூன்று.
ஒன்று, தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட், புவனேந்திரன், லவால்.
திரும்பவில்லை.

"பிந்தின காசு கேக்கவோ எடுத்தனீர்?"
நாளுக்கு ஒரு டொலர்படி
இரண்டாயிரத்துச் சொச்சம்.
இல்லை அண்ணை, கசெற் வேணும்.
"கசெற் இருக்கு. ஆனா...
மூலை ஓட்டையில டேப் ஒட்டிப்போட்டு
மூத்தவன்ரை முதலாம் பிறந்தநாளை அதில எடுத்திட்டம்."

கடையில் மூன்றுபேரும் இருந்து பார்த்தோம்.
கேக். மெழுகுதிரி. திரும்பவும் மெழுகுதிரி,
யாரோ பிந்தி வந்ததற்காக.
பிறகு கமராவை நிலத்தில் வைத்து மறந்துவிட்டார்கள்.
கதிரைக் கால்கள், ஒரு பலூன்,
ஓட்டை விழுந்த சொக்ஸ்,
எட்டு நிமிடம் அசையாமல்.
கோடு. வெள்ளைக் கோடு.
பஸ் நிலையம்.

இடது ஓரத்தில், பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்தபடி
ஒருத்தி நேரே எங்களைப் பார்க்கிறாள்.
மூன்று வினாடி இருக்கும்.
"அந்தச் சட்டை என்ரை இல்லை" என்றா குகனேஸ்வரி,
"பக்கத்து அறைப் பிள்ளையின்ரை.
முகம் என்ரை."

பிரதி எடுக்க எனக்கு உரிமையில்லை.
சத்தியக்கடதாசியின்படி
இந்தக் கசெற்றே உலகத்தில் இல்லை.
ரெக்கோடரில் வெறும் நாடாவைத் தள்ளியபோது
புவனேந்திரன் கோட்டை மாட்டிக்கொண்டு சொன்னார்:
"ஞாயிறுக்குள்ள திருப்பித் தாரும். மனிசி தேடுவா."
"பிந்தினால்?"
"நாளுக்கு ஒரு டொலர்."