நாற்பது துளை

கஸ்தூரியார் வீதி, மதியம் ஒன்றேகால்.
கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பழைய பேப்பர் விரித்து
மூன்று ஹப்பை வரிசையாக வைத்தான் ஜெனிஸ்ரன்.
மரண அறிவித்தல் பக்கம்.
யாரோ ஒருவரின் நெற்றியில் கிறீஸ் பட்டது.
ஹப்பைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

முதலாவது ஜப்பான்.
யாரோ ஓடி, யாரோ கழற்றி,
கொழும்பில் ஒரு சாக்குக்குள் கிடந்து வந்தது.
அச்சை விரலால் சுழற்றினால்
உள்ளே போளைகள் மெல்ல அரைக்கும்,
சோற்றில் கல் மாதிரி. ஒரேயொரு கல்.
"கோனைத் தளர்த்தினால் சரி" என்றான். தளர்த்தினான்.
கல் போய்விட்டது,
ஆட்டம் வந்துவிட்டது.

இரண்டாவது தாய்வான். புதிது, மூடின பெயாரிங்.
பண்ணைப் பாலத்து உப்புக் காற்று உள்ளே போகாதாம்.
அவன் சொல்லவில்லை, பெட்டி சொல்கிறது.
சுழற்றிவிட்டு நான் விலையை விசாரித்தேன்,
சொல்லி முடித்தான்,
அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவதுக்கு இரண்டு முகம்.
ஒரு பக்கம் பிறீவீல், மறுபக்கம் நிலைப்பல்.
சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மற்றது.
"உதை எடுங்கோ அக்கா. பயந்தால் மாத்தலாம்."

நிலைப்பல் என்றால்
சில்லு ஓடுமட்டும் மிதி ஓடும்,
மிதி ஓடுமட்டும் கால் ஓடும்.
சும்மா இருந்தபடி போக முடியாது.
நிற்க வேண்டுமென்று தலை நினைத்தால் போதாது,
தொடையும் நினைக்க வேண்டும்.

இந்த ஊரில் எங்கே மேடு?
ரயில் கடவையின் முதுகு,
அதை விட்டால் பாலத்தின் ஒரு சின்ன வளைவு.
இறக்கமே இல்லாத ஊரில்
பிறீவீல் எதுக்கு என்று கேட்டேன்.
"எதிர்க்காத்துக்கு."
சோழகம் தொடங்கி இரண்டு கிழமை.
என்னிடம் பதில் இல்லை.

பிறகு பூட்டு வளையத்தைக் காட்டினான்.
மற்றதெல்லாம் வலப்பக்கம் இறுகும்,
இது மட்டும் இடம்.
காலால் எதிர்த்து நிறுத்தும்போது
பல் கழன்று ஓடாமல் பிடிப்பது இதுதானாம்.
குருநகரில் அவன் சித்தப்பாவுக்குச் சங்கு வியாபாரம்.
"சங்கில வலம்புரிக்குத்தான் விலை.
உதில இடம்புரி இல்லாட்டி பல்லுப் போகும்."
எந்தப் பல்லென்று நான் கேட்கவில்லை.

ஓ.எல் தமிழுக்குப் பாடமாக்கிய ஒரு சொல்
திடீரென்று வந்தது: குறடு.
தேர்ச்சில்லின் நடுக்கட்டை, ஆரெல்லாம் வந்து குத்தும் இடம்.
ஜெனிஸ்ரன் கையிலும் குறடு,
கம்பி வெட்ட.
இதை அவனுக்குச் சொன்னேன்.
"அக்கா, உங்கட றிம்முக்கு எத்தனை துளை?"

அது என் கணக்கில் இல்லாத கேள்வி.
ரலியின் பின் றிம்மை மடியில் வைத்து
வால்வுத் துளையை விட்டுவிட்டு எண்ணினோம்.
ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க
மற்றவர்களின் இரத்தத்தில் வெள்ளையும் சிவப்பும் எண்ணுகிற நான்
இரண்டு தரம் பிழைவிட்டேன்.
நாற்பது.
ஜப்பானுக்கு முப்பத்தாறு.
இரண்டு முகத்துக்கும் முப்பத்தாறு.
தாய்வானுக்கு முப்பத்திரண்டு.

துணிவு, பயம், எதிர்க்காற்று என்று
ஒரு மணித்தியாலம் கதைத்த எல்லாவற்றையும்
துளைகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

முன் றிம்மை எடுத்துவரச் சொன்னான்.
அது முப்பத்திரண்டு.
இத்தனை வருடம் முன்னால் போனது
இனிப் பின்னால் வரட்டும்,
முன்னுக்கு வேறொன்று பழசில் பார்க்கலாம்.
அரைவாசிக் காசு கொடுத்தேன்.
மிச்சம் இருபத்தைந்தாம் திகதி.

நாற்பது துளைக்காரன் இப்போது
கிணற்றடி மதிலில் தொங்குகிறான்.
அவனில் உள்ளாடை காய்கிறது.

முதல் சனிக்கிழமை, பண்ணை.
முன்பிறேக் ஒன்று பூட்டித்தான் இருந்தேன்,
அதை மறைக்கவில்லை.
நடுப்பாலத்தில் பழக்கதோஷத்தில்
காலை ஓயவிட்டேன்.
சில்லு ஓயவில்லை,
என்னைத் தூக்கி ஒரு தரம் குலுக்கிவிட்டு
தன்பாட்டில் மிதித்தது.
தூண்டில் போட்டிருந்த இரண்டு பெடியள் சிரித்தார்கள்.

மண்டைதீவுச் சந்திவரை
ஹப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.
சத்தமெல்லாம் என் முழங்காலில்.